உள்ளங்கையில் வரும் அரிப்பில்லாத புள்ளிகளை ஒவ்வாமை என்று விட்டுவிடலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கச்சான் காற்று வீசும் இம்மாதங்களில் தோலில் ஏற்படும் ஒவ்வாமைகள் பற்றித் தங்கள் நாளிதழின் சுகாதாரப் பக்கத்தில் அண்மையில் வெளியான கட்டுரையை வாசித்தேன். வியர்க்குரு, பூச்சிக்கடி, உணவு ஒவ்வாமை ஆகியவற்றைப் பற்றி அதில் கூறப்பட்டவை பயனுள்ளவை. ஆனால் உடம்பில் திடீரெனத் தடிப்போ புள்ளிகளோ கண்டால் ஒவ்வாமைக் குளிசையைச் சில நாட்கள் பாவித்துப் பார்க்கலாம், அவை மறைந்துவிட்டால் கவலைப்பட வேண்டியதில்லை என்ற கருத்துப்பட அமைந்திருந்த ஒரு வரியை மறுத்து எழுத வேண்டியிருக்கிறது. மறைந்ததையே குணமானதற்குச் சான்றாகக் கொள்ள முடியாத நோய் ஒன்று உண்டு. அது உடலுறவால் தொற்றும் சிபிலிஸ், நம் முன்னோர் மேகநோய் என்று சொல்லியவற்றுள் அடங்குவது. அதன் இரண்டாம் கட்டத்தில் உடம்பில் தோன்றும் புள்ளிகள் எந்த மருந்தும் இல்லாமலே சில வாரங்களில் தாமாக மறைந்துவிடும். அந்த வாரங்களில் நோயாளர் எதைக் குடித்திருந்தாலும், எதைப் பூசியிருந்தாலும், எந்தச் சாப்பாட்டை விலக்கியிருந்தாலும், சுகப்படுத்திய பெயர் அதற்கே போய்ச் சேரும்; கிருமியோ உடம்பிலேயே இருக்கும்.

நான் அரச வைத்தியசாலைகளில் மருந்தாளராகக் கடமையாற்றி ஓய்வுபெற்றவன். இப்போது திருகோணமலை நகரில் தனியார் மருந்தகம் ஒன்றில் மாலை வேளைகளில் நிற்கிறேன். நோயை நிர்ணயிப்பது வைத்தியரின் வேலை என்பதை நன்கு அறிவேன். ஆயினும் தோலில் எது வந்தாலும் நம்மவர்கள் முதலில் வந்து நிற்பது மருந்தகத்தின் கண்ணாடி மேசைக்கு முன்னால்தான். சட்டைக் கையை மேலே இழுத்து முழங்கையைக் காட்டுவார்கள், கைத்தொலைபேசியில் முதுகைப் படமெடுத்துக் கொண்டுவந்து காட்டுவார்கள், "அலேர்ஜிக்கு ஏதாவது தாங்கோ" என்பார்கள். பெரும்பாலும் அது ஒவ்வாமையாகவோ வியர்க்குருவாகவோ படர்தாமரையாகவோதான் இருக்கும். எப்போதாவது ஒருவர் உள்ளங்கையை விரித்துக் காட்டும்போதுதான் நான் விற்பனையை நிறுத்திவிட்டுப் பேசத் தொடங்குவேன்.

அப்படிப்பட்ட ஒரு கையை இங்கே விவரிக்க விரும்புகிறேன். யாருடையது, எப்போது என்பன இங்கு தேவையில்லை. மண்ணிறமும் செம்பு நிறமும் கலந்த, விரல்நுனி அளவான தட்டையான புள்ளிகள் உள்ளங்கையின் ரேகைகளின் மேலேயே இருந்தன. சிலவற்றின் விளிம்பில் மட்டும் மெல்லிய தோல் உரிந்து ஒரு வளையம் போல நின்றது. அழுத்தினால் சற்றுக் கெட்டியாக இருந்தன. அரிக்கவில்லை, எரியவில்லை, நீர் வடியவில்லை. மற்றக் கையிலும் அதேபோல, செருப்பைக் கழற்றச் சொன்னபோது உள்ளங்காலிலும் அதேபோல. வீட்டில் கிரந்திச் சாப்பாடு என்று இறால், கணவாய், கத்தரிக்காய், கருவாடு யாவற்றையும் நிறுத்தியாயிற்று. செற்றிரிசின் என்னும் ஒவ்வாமைக் குளிசையும் பூச்சு மருந்துகளும் மாறி மாறிப் பாவித்தாயிற்று. கன்னியா வெந்நீரூற்றுக்குப் போய்க் குளித்தும் பார்த்தாராம். இரத்தம் மட்டும் யாரும் எடுத்துப் பார்க்கவில்லை.

ஒவ்வாமைத் தடிப்பு எப்படி நடந்துகொள்ளும் என்பதை அறிந்தால், அப்படி நடந்துகொள்ளாத ஒன்றை இனங்காண்பது எளிதாகும். காஞ்சோன்றி பட்டதுபோலத் தோல் வீங்கி எழும்பும் தடிப்பு, வைத்தியர்கள் அர்ட்டிக்கேரியா என்று கூறுவது, கடுமையாக அரிக்கும்; ஆனால் ஓரிடத்தில் நிலைத்து நிற்காது. காலையில் தொடையில் இருந்தது மாலையில் முதுகுக்குப் போயிருக்கும். ஒரு தடிப்பைச் சுற்றிப் பேனையால் வட்டம் போட்டு வைத்தால், பெரும்பாலும் 24 மணித்தியாலங்களுக்குள் அந்த வட்டத்துக்குள் தோல் சுத்தமாகிவிடும், தழும்போ நிறமாற்றமோ இராது. புதிய தடிப்பு வேறிடத்தில் எழும்பியிருக்கலாம், அது வேறு விடயம். சிபிலிஸ் புள்ளியைச் சுற்றி அப்படி ஒரு வட்டம் போட்டால் அடுத்த நாளும் அடுத்த கிழமையும் புள்ளி அதற்குள்ளேயே இருக்கும். செலவில்லாத இந்தச் சோதனையை வீட்டிலேயே எவரும் செய்து பார்க்கலாம். நிலைத்து நிற்பதெல்லாம் சிபிலிஸ் ஆகிவிடாது. ஆனால் நிலைத்து நிற்பதை அர்ட்டிக்கேரியா என்று சொல்லிச் சமாளிக்க முடியாது.

மீன் சாப்பிட்டவுடன் வரும் தடிப்பைப் பற்றியும் இங்கே சிறிது சொல்ல வேண்டும், ஏனெனில் மீன் இல்லாத நாள் நம் மாவட்டத்தில் குறைவு. சூரை, கெளிறு போன்ற பலவற்றைச் சாப்பிடும் நாம், ஒரு முறை முகம் சிவந்து உடம்பெல்லாம் எரிந்து தலையிடித்தால் அந்த மீனே தனக்கு ஒவ்வாது என்று வாழ்நாள் முழுவதும் விலக்கிவிடுகிறோம். சூரை முதலிய செந்தசை மீன்களைப் பிடித்தவுடன் ஐஸில் வைக்காமல் வெயிலில் விட்டால் அவற்றின் தசையில் ஹிஸ்டமின் என்னும் பொருள் பெருகும். சமைத்தாலும் அது அழியாது. அதனைச் சாப்பிட்டால் சில நிமிடங்களிலிருந்து ஒரு மணித்தியாலத்துக்குள் ஒவ்வாமை போன்ற அத்தனை குறிகளும் வரும், பல மணித்தியாலங்களில் அடங்கியும் விடும். உண்மையான மீன் ஒவ்வாமையும் சாப்பிட்டுச் சிறிது நேரத்திலேயே வெளிப்படும். இரண்டிலும் சாப்பாட்டுக்கும் தடிப்புக்கும் இடையிலான நேரம் சிறியது. மூன்று கிழமையாக நிற்கும் புள்ளிக்கு முந்தாநாள் தின்ற இறாலைக் குற்றஞ்சாட்டுவதில் அர்த்தமில்லை.

தொடுகையால் வரும் ஒவ்வாமையில் தோல் தானே காரணத்தைக் காட்டிக்கொடுக்கும். சீமெந்து வேலை செய்பவரின் கைப்புறமும் மணிக்கட்டும், இறப்பர் செருப்புப் போடுபவரின் பாதத்தில் பட்டி பதியும் இடம், இடுப்புப் பட்டியின் உலோகக் கொளுவி தொப்புளுக்குக் கீழே படும் இடம், தலைமயிருக்குக் கறுப்புச் சாயம் பூசுபவரின் நெற்றியோரமும் காதோரமும் என்று, பட்ட இடத்தின் வடிவமே புண்ணின் வடிவமாக இருக்கும். கடுமையாக அரிக்கும், சிறு கொப்புளங்கள் எழும்பி நீர் வடியும், பிறகு காய்ந்து தோல் தடிக்கும். எக்சிமா என்னும் நாட்பட்ட சொறியும் அரிப்பில்லாமல் வருவதில்லை. சிறு வயதில் தொடங்கி முழங்கை மடிப்பிலும் முழங்கால் மடிப்பிலும் இருந்து, இழுப்பு நோயோடும் தும்மலோடும் சேர்ந்து குடும்பத்தில் ஓடும்.

மருந்து ஒவ்வாமைதான் இவற்றுள் சிக்கலானது. புதிய மருந்தொன்றைத் தொடங்கி நான்கு முதல் பதினான்கு நாட்களுக்குள் நெஞ்சிலும் முதுகிலும் இருபுறமும் ஒரே மாதிரியாகச் செம்புள்ளிகள் பரவும். பார்வைக்கு இது சிபிலிஸின் இரண்டாம் கட்டத்தை மிகவும் ஒத்திருக்கும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. சிபிலிஸின் இரண்டாம் கட்டத்தில் தொண்டை நோவும், இலேசான காய்ச்சலும், கழுத்தில் நெறிகட்டுதலும் புள்ளிகளுக்குச் சற்று முன்னரோ கூடவோ வரலாம். அந்தத் தொண்டை நோவுக்குப் பெனிசிலின் குடும்பத்தைச் சேர்ந்த அமொக்சிசிலின் கொடுக்கப்படுகிறது. எப்படியும் வரவிருந்த புள்ளிகள் அடுத்த சில நாட்களில் வந்துவிடுகின்றன. கிளினிக் கொப்பியில் சிவப்பு மையால் "பெனிசிலின் ஒவ்வாமை" என்று எழுதப்படுகிறது. அதாவது அந்த நோயைத் தீர்க்கக்கூடிய மருந்துக் குடும்பமே அந்த நோயாளருக்கு விலக்கப்பட்டதாகிவிடுகிறது. எல்லோருக்கும் இப்படித்தான் நடக்கிறது என்று நான் கூறவில்லை. அமொக்சிசிலினால் உண்மையிலேயே தடிப்பு வருபவர்களும் பலர். ஆனால் அந்தச் சொற்களை எழுதுபவர் எந்த நாளில் மருந்து தொடங்கியது, எந்த நாளில் என்ன மாதிரியான தடிப்பு வந்தது, மூச்சுத் திணறலோ முகவீக்கமோ இருந்ததா என்பதையும் பக்கத்தில் எழுதிவைத்தால், பின்னால் பார்க்கும் வைத்தியருக்கு அது பேருதவியாக இருக்கும்.

இனிச் சிபிலிஸின் நடையைப் பார்ப்போம். திரெபொனீமா பலிடம் என்னும் திருகுசுருள் வடிவான பக்டீரியாவே இதற்குக் காரணம். 1905 ஆம் ஆண்டில் ஜேர்மனியில் ஷவுடின், ஹொஃப்மன் ஆகிய இருவரும் அதனைக் கண்டுபிடித்தனர். உடலுறவின்போது தொற்றியபின், சராசரியாக மூன்று கிழமைகளில், சிலருக்குப் பத்து நாட்களிலும் சிலருக்கு மூன்று மாதங்கள் கழித்தும், தொற்றிய இடத்தில் ஒரு புண் தோன்றும். அது பெரும்பாலும் ஒன்றே ஒன்றாக, விளிம்பு கெட்டியாக, நோவில்லாமல் இருக்கும். நோவில்லாத புண்ணை யார் பெரிதுபடுத்துவார்கள்? பெண்களுக்கு உள்ளேயும், சிலருக்கு வாயிலோ மலவாயிலோ வந்தால் அது கண்ணுக்கே தெரியாது. மூன்று முதல் ஆறு கிழமைகளில் அது தானாக ஆறிவிடும். சில கிழமைகளோ சில மாதங்களோ கழித்து உடம்பில் புள்ளிகள் தோன்றும்போது அந்தப் புண்ணையும் இந்தப் புள்ளிகளையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்க எவருக்கும் தோன்றுவதில்லை. வைத்தியர் "முன்பு எங்காவது புண் இருந்ததா?" என்று கேட்டால் "இல்லை" என்றே பதில் வரும், அது பொய்யாக இருக்க வேண்டும் என்பதுமில்லை.

இரண்டாம் கட்டப் புள்ளிகள் முதலில் நெஞ்சிலும் விலாவிலும் மங்கலாகத் தொடங்கும். வெள்ளைத் தோல் உள்ளவர்களின் படங்களைப் பாடநூல்களில் பார்த்துவிட்டு இளஞ்சிவப்பாக இருக்கும் என்று எதிர்பார்த்தால் நமக்கு அது தெரியாமலே போகும். நமது தோலில் அது கருமையாகவோ, செம்பு கலந்த மண்ணிறமாகவோ, சிலவேளை வெறும் நிழல்போலவோதான் இருக்கும். மின்விளக்கு வெளிச்சத்தில் காணாதது காலை வெளிச்சத்தில் பக்கவாட்டாகப் பார்த்தால் தெரியும். முகத்தில் வாயோரத்திலும் மூக்கோரத்திலும் வளைய வடிவில் வருவதும் கருநிறத் தோலில் கூடுதலாகக் காணப்படுவது. அதனைப் படர்தாமரை என்று நினைத்துப் பூஞ்சண மருந்து பூசுவார்கள். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் வருவதுதான் மிக முக்கியமான குறி. சாதாரண ஒவ்வாமைத் தடிப்புகள் அவ்விடங்களில் நிலைத்த, தட்டையான, அரிப்பில்லாத புள்ளிகளாக வருவது அரிது. உள்ளங்கையில் வரும் எக்சிமாவில் சவ்வரிசி போன்ற ஆழமான சிறு கொப்புளங்கள் எழும்பும், அரிப்புத் தாங்க முடியாததாக இருக்கும்.

அரிப்பு இல்லை என்பதை மட்டும் வைத்து முடிவெடுக்கவும் கூடாது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். சிபிலிஸ் புள்ளிகள் பொதுவாக அரிப்பதில்லை. ஆனால் சிலருக்கு, குறிப்பாகக் கருநிறத் தோல் உள்ள சிலருக்கு, அரிப்பதும் உண்டு. ஆகவே அரிக்கிறது, ஆதலால் ஒவ்வாமைதான் என்ற வாதமும் நிற்காது. தோலுக்கு வெளியே உள்ள குறிகளைத் தேட வேண்டும். வாயின் உட்புறத்திலோ நாக்கிலோ சாம்பல் வெண்மையான நோவற்ற திட்டுகள், தலையில் அந்து தின்ற துணிபோல ஆங்காங்கே மயிர் கொட்டியிருத்தல், பிறப்புறுப்பையும் மலவாயையும் சுற்றி ஈரமான தட்டையான பருக்கள், கழுத்திலும் கக்கத்திலும் அரையிலும் முழங்கை உட்புறத்திலும் நோவில்லாமல் நெறிகட்டியிருத்தல், காரணமில்லாத சோர்வு என்பன ஒவ்வாமையில் சேர்ந்து வருவதில்லை. ஈரமான பருக்களும் வாய்த் திட்டுகளும் மிகவும் தொற்றக்கூடியவை. பார்வை மங்குதல், காது திடீரெனக் கேளாமற் போதல், கடுமையான தலையிடி ஆகியவற்றுள் ஒன்று கூட இருந்தால் அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். கிருமி நரம்பையும் கண்ணையும் காதையும் எந்தக் கட்டத்திலும் தாக்கலாம்.

நமது மண்ணில் குழப்பம் தரும் வேறு நோய்களும் உள்ளன. 2017 ஆம் ஆண்டில் கிண்ணியாவில் டெங்கு பரவிய காலத்தை நம்மவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். டெங்கு குணமாகும் கட்டத்தில் கைகால்களில் செம்மை பரவி, அதன் நடுவே வெள்ளைத் திட்டுகள் தெரியும், உள்ளங்கையும் உள்ளங்காலும் கடுமையாக அரிக்கும். ஆனால் அதற்கு முன் கடும் காய்ச்சல் வந்துபோயிருக்கும், சில நாட்களில் எல்லாம் அடங்கிவிடும். முதலில் ஒரு பெரிய திட்டு வந்து, பின்னர் விலா எலும்புகளின் சாய்வோடு சிறு நீள்வட்டத் திட்டுகள் பரவும் பிட்டிரியாசிஸ் ரோசியா என்னும் தோல் நோய், வைத்தியர்களையே சிபிலிஸா என்று சந்தேகிக்க வைப்பது. அது பொதுவாக உள்ளங்கையை விட்டுவிடும், ஆயினும் இரத்தம் பார்க்காமல் அதை உறுதிப்படுத்தக் கூடாது என்பதே நல்ல தோல் வைத்தியர்களின் வழக்கம். இரவில் அரிப்புக் கூடி, விரலிடுக்கில் தொடங்கி, வீட்டில் பலருக்கும் வந்தால் அது சிரங்கு. வெளிறிய திட்டில் தொடுவுணர்ச்சி குறைந்திருந்தால் அது தொழுநோயாக இருக்கலாம். அதற்கும் இலவசச் சிகிச்சை உண்டு, அதற்கும் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இப்போது எனது சொந்தத் தொழிலைப் பற்றியே முறையிட வேண்டியிருக்கிறது. மருந்தகங்களில் பீற்றாமெதசோன் என்னும் ஸ்டெரொய்ட் கலந்த பூச்சு மருந்துகள் வைத்தியரின் துண்டு இல்லாமல் தாராளமாகக் கைமாறுகின்றன. ஸ்டெரொய்ட், பக்டீரியா மருந்து, பூஞ்சண மருந்து மூன்றையும் ஒரே குழாயில் அடைத்து வரும் கலவைகள் இன்னும் மோசமானவை. எது வேலை செய்தது, எது செய்யவில்லை என்று பிறகு எவராலும் சொல்ல முடியாது. ஸ்டெரொய்ட் பூசினால் எந்தச் சிவப்பும் சிறிது மங்கும். ஈரம் கசியும் சுவருக்கு மேலே சுண்ணாம்பு அடிப்பது போன்ற வேலை அது. படர்தாமரை உருமாறிப் பரவுகிறது, சிரங்கு மறைந்து கிடந்து வெடிக்கிறது, சிபிலிஸ் புள்ளி தனது அடையாளத்தை இழக்கிறது. பிரெட்னிசொலோன் என்னும் ஸ்டெரொய்ட் குளிசையை "அலேர்ஜிக் குளிசை" என்ற பெயரில் சில நாட்களுக்குக் கொடுக்கும் இடங்களும் உள்ளன. வாடிக்கையாளர் கேட்கிறார், நாம் மறுத்தால் அடுத்த கடையில் வாங்குவார் என்பதுதான் எங்கள் தரப்பின் வழக்கமான சமாதானம். அது பொய்யில்லை. ஆயினும் உள்ளங்கையில் புள்ளியோடு வரும் ஒருவருக்குப் பூச்சு மருந்தை விற்காமல், இரத்தம் ஒரு முறை பார்த்துவிட்டு வாருங்கள் என்று ஒரு வசனம் சொல்வதற்கு எந்த வாடிக்கையாளரையும் இழக்க வேண்டியதில்லை என்பது என் அனுபவம்.

அந்த இரத்தப் பரிசோதனை எளியது. வீ.டி.ஆர்.எல். அல்லது ஆர்.பி.ஆர். என்று துண்டில் எழுதப்படுவது முதற்பரிசோதனை. புண் தோன்றிய முதல் நாட்களில் அது இல்லை என்று காட்டக்கூடும். ஆனால் புள்ளிகள் தோன்றியிருக்கும் இரண்டாம் கட்டத்தில் ஏறத்தாழ எப்போதும் உண்டு என்றே காட்டும். தோலைப் பார்த்துக் குழம்பும் அதே வேளையில் இரத்தம் மிகத் தெளிவாகப் பேசுகிறது என்பது நமக்கு வாய்த்த நன்மை. கருத்தரிப்பிலும், சில வைரசு நோய்களின் பின்னும், உடலின் எதிர்ப்புச் சக்தி தன் உடலையே தாக்கும் லூப்பஸ் போன்ற நோய்களிலும் அது சிபிலிஸ் இல்லாமலே உண்டு என்று காட்டலாம், அதனால் ரி.பீ.பீ.ஏ. என்ற இரண்டாவது பரிசோதனையால் உறுதிப்படுத்துவார்கள். முதற்பரிசோதனைத் தாளை மட்டும் பார்த்துவிட்டு வீட்டில் சண்டை பிடிப்பவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். இரண்டாவது பரிசோதனை, பூரண சிகிச்சை பெற்ற பின்னரும் பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் உண்டு என்றே காட்டும். வெளிநாட்டு வேலைக்கான மருத்துவப் பரிசோதனைக்குப் போகும் பிள்ளைகள், முன்பு சிகிச்சை பெற்றிருந்தால் அதற்கான பதிவையும், முதற்பரிசோதனையின் அளவு படிப்படியாகக் குறைந்து வந்ததற்கான முடிவுகளையும் கையில் வைத்திருப்பது நல்லது.

சிகிச்சை அதைவிட எளியது. ஆரம்பக் கட்டச் சிபிலிஸுக்கு பென்சதீன் பெனிசிலின் 24 இலட்சம் அலகு, ஒரே தடவையில், இடுப்புத் தசையில் போடப்படும் ஊசி. 1943 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் மஹோனி என்னும் வைத்தியர் பெனிசிலினால் இந்நோயைக் குணப்படுத்தியதிலிருந்து இன்றுவரை அம்மருந்தின் இடத்தை வேறொன்றும் பிடிக்கவில்லை. தொற்றி நெடுங்காலமானால் கிழமைக்கு ஒன்றாக மூன்று முறை போட வேண்டும். பெனிசிலின் உண்மையாகவே ஒவ்வாதவர்களுக்கு வேறு மருந்துகள் உள்ளன. கர்ப்பிணிகளுக்கு மட்டும் பெனிசிலினேதான் கொடுக்க வேண்டும், ஒவ்வாமை இருந்தால் வைத்தியசாலையில் வைத்துப் படிப்படியாகப் பழக்கிக் கொடுப்பார்கள். ஊசி போட்ட அன்றே, 24 மணித்தியாலங்களுக்குள், காய்ச்சல், குளிர், தலையிடி வந்து புள்ளிகள் முன்னிலும் கூடுதலாகச் சிவப்பதுண்டு. கிருமிகள் கூட்டமாக அழியும்போது ஏற்படும் இந்த எதிர்வினையும் ஒவ்வாமை என்று தவறாக எழுதப்படுகிறது. ஓய்வெடுத்து, பரசிற்றமோல் எடுத்தால் ஒரு நாளில் அடங்கும். கர்ப்பிணிகள் மட்டும் கண்காணிப்பில் இருக்க வேண்டும். மூச்சுத் திணறல், உதடு வீங்குதல், மயக்கம் என்பன ஊசி போட்ட சில நிமிடங்களில் வந்தால் அதுதான் உண்மையான ஆபத்தான ஒவ்வாமை. அதற்காகவே ஊசி போட்டபின் சிறிது நேரம் இருந்துவிட்டுப் போகச் சொல்கிறார்கள். அவசரப்பட்டுப் பஸ்ஸுக்கு ஓடக்கூடாது.

இவ்வளவு எளிதான நோயை நம்மால் ஏன் பிடிக்க முடியவில்லை என்றால், காரணம் தோலில் இல்லை. 1957 வரை பிரித்தானியக் கடற்படைத் தளமாக இருந்த துறைமுக ஊர் இது. இப்படிப்பட்ட நோய்கள் கப்பலில் வந்தவர்களுக்கும் போனவர்களுக்கும் உரியவை, குடும்பத்தவருக்கு வராது என்ற நினைப்பு இன்னும் போகவில்லை. அந்த நினைப்பினால்தான் ஒழுங்கான குடும்பத்து ஆணிடமோ பெண்ணிடமோ இந்தப் பரிசோதனையைச் செய்யச் சொல்ல வைத்தியர்களும் தயங்குகிறார்கள். 2022 ஆம் ஆண்டில் மாத்திரம் உலகில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட ஏறத்தாழ 80 இலட்சம் பேருக்குச் சிபிலிஸ் தொற்றியதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. தொற்றிய ஒருவர் எத்தனை ஆண்டுகளுக்கு முன் யாரிடமிருந்து பெற்றார் என்பதைத் தோல் சொல்லாது. திருமணத்துக்கு முன்பு பெற்றதாகவும் இருக்கலாம், தன் துணையிடமிருந்தே பெற்றதாகவும் இருக்கலாம். ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்லலாம்: கழிப்பறை இருக்கையாலோ, கிணற்றுத் தண்ணீராலோ, உடுப்பாலோ, ஒரே கோப்பையில் சாப்பிடுவதாலோ இது பரவுவதில்லை. அப்படிச் சொல்லித் தட்டிக்கழிக்கவும் முடியாது, அதற்காக ஒருவரை வீட்டில் தனியே ஒதுக்கிவைக்கவும் தேவையில்லை.

திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையில் பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையம் இயங்குகிறது. நாட்டின் ஏனைய அரச பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையங்களைப் போலவே, தேசிய பாலியல் நோய், எயிட்ஸ் கட்டுப்பாட்டு நிகழ்ச்சித்திட்டத்தின் வழிகாட்டலில் அங்கும் சிகிச்சை இலவசமாக, இரகசியமாக வழங்கப்படுகிறது. வேறொரு வைத்தியரின் கடிதம் வேண்டியதில்லை. துணைவரையும் அழைத்துப் பரிசோதிப்பார்கள். அது விசாரணை அன்று, ஒருவருக்கு மாத்திரம் ஊசி போட்டால் மற்றவரிடமிருந்து மறுபடியும் தொற்றும் என்பதற்காகவே. ஒருமுறை வந்து குணமானவருக்கு மறுபடியும் வராது என்ற பாதுகாப்பும் கிடையாது. மூதூரிலிருந்தும் குச்சவெளியிலிருந்தும் வெருகலிலிருந்தும் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு நகருக்கு வர வேண்டியிருப்பது உண்மையான சிரமம். அதனால், பிரதேச வைத்தியசாலைகளின் வெளிநோயாளர் பிரிவிலேயே இரத்தத்தை எடுத்து அனுப்பும் ஒழுங்கு எங்கெங்கு உண்டோ அங்கெல்லாம் வைத்தியர்கள் அதனைத் தயங்காமல் பயன்படுத்த வேண்டும்.

கர்ப்பிணித் தாய்மார் விடயத்தில் நமது நாடு பெருமைப்பட இடமுண்டு. தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிஸும் பரவுவதை ஒழித்த நாடு என்று உலக சுகாதார நிறுவனம் 2019 ஆம் ஆண்டில் இலங்கையை அங்கீகரித்தது. குடும்பநல மாது வீட்டுக்கு வந்து பதிவு செய்து, கிளினிக்கில் ஆரம்ப மாதங்களிலேயே ஒவ்வொரு தாயின் இரத்தத்தையும் பரிசோதிக்கும் ஒழுங்கே இதற்கு அடிப்படை. யாரையும் சந்தேகித்து எடுக்காமல் எல்லோரிடமும் எடுப்பதால் அங்கே வெட்கத்துக்கு இடமில்லை. ஆனால் ஆரம்பத்தில் இல்லை என்று வந்த தாய்க்கு ஏழாம் மாதத்தில் உள்ளங்கையில் புள்ளி வந்தால், முதற்பரிசோதனை முடிந்துவிட்டது என்று இருந்துவிடக் கூடாது. மறுபடியும் பார்க்கச் சொல்ல வேண்டும். தொற்று இடையில் ஏற்பட்டிருந்தால் சிசு இறந்து பிறக்கவும், உள்ளங்கை உள்ளங்கால்களில் கொப்புளத்தோடும் தோல் உரிவோடும் ஓயாத மூக்கடைப்போடும் பிறக்கவும் கூடும்.

தாய்மாருக்குச் செய்வதையே தோல் நோயாளருக்கும் செய்யலாமே என்பதுதான் எனது கோரிக்கை. இரண்டு கிழமைகளுக்கு மேலாக நிலைத்து நிற்கும், காரணம் தெரியாத புள்ளிகளோடு வரும் வயதுவந்த எவருக்கும், ஆண் பெண், திருமணமானவர் ஆகாதவர் என்ற பேதமின்றி, வீ.டி.ஆர்.எல். பரிசோதனையையும் நோயாளரின் சம்மதத்தோடு எச்.ஐ.வி. பரிசோதனையையும் வழமையான பரிசோதனைகளில் சேர்த்துவிட்டால், "என்னை ஏன் சந்தேகிக்கிறீர்கள்?" என்ற கேள்விக்கே இடமிராது. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் நமது திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் கற்று வெளியேறும் இளம் வைத்தியர்களிடமும் தோல் நோயாளர் பெருமளவில் போகிறார்கள். அவர்களும் மேகநோய்க்கான தங்கள் மருந்துகளைத் தொடங்கும் முன் இந்த ஒரு பரிசோதனையை எழுதிக் கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகள் மருந்தக உரிமையாளர்களை ஒரு பிற்பகல் அழைத்து, கருநிறத் தோலில் எடுக்கப்பட்ட படங்களைக் காட்டி விளக்கினால் எங்களுள் பலர் நிச்சயமாக வருவோம்.

தங்கள் நாளிதழிடம் கேட்பது ஒன்று. அந்தக் கட்டுரையின் தொடர்ச்சியாக, உள்ளங்கை, உள்ளங்கால், வாய் ஆகிய மூன்று இடங்களிலும் வரும் புள்ளிகளுக்கு ஒவ்வாமைக் குளிசையைத் தாமாகப் போட்டுப் பார்க்க வேண்டாம் என்ற திருத்தத்தை அதே சுகாதாரப் பக்கத்தில், அதே அளவு எழுத்தில் வெளியிடுங்கள்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற மருந்தாளர் ஒருவர்,
உவர்மலை, திருகோணமலை.